கவ்வியில் அறுந்தது

தையல் நூல் உடம்புக்குள் கரைந்துவிடுகிறது என்று பொதுமக்களும், பொதுமக்களிடம் அப்படிச் சொல்லிச் சொல்லியே தாங்களும் நம்பத் தொடங்கிவிட்ட மருத்துவர்களும் கருதிவருவது ஒரு பெரும் பிழை என்பதை உரிய பொறுப்புணர்வோடு தெரிவிக்க வேண்டியிருக்கிறது. சர்க்கரை கரையும். உப்பு கரையும். நூல் கரைவதில்லை, நறுக்கப்படுகிறது. நூலுக்குள் நீளநீளமாகக் கிடக்கும் சங்கிலிகளுக்கு நடுவே உடம்பின் தண்ணீர் புகுந்து ஒவ்வொரு கண்ணியாக வெட்டுகிறது. வெட்டிப்போட்ட துணுக்குகளை உடம்பு பிறகு சாவகாசமாக அப்புறப்படுத்திக்கொள்கிறது. ஆகையால் ஒரு நூலுக்கு முடிவு இரண்டு. பலம் போகும் நாள் ஒன்று, ஆள் போகும் நாள் ஒன்று. நல்ல நூலாக இருந்தால் மூன்றாம் வாரத்தில் பாதிப் பலம் போயிருக்கும், ஆள் மறைய இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். இடைப்பட்ட காலத்தில் நூல் இருந்த இடத்திலேயே இருக்கும், நிறம் மாறாது, முடிச்சு அவிழாது, பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. பிடித்துக்கொள்ளாது, அவ்வளவுதான். இதை நான் கல்யாணப் பந்தியில் சொல்லியிருக்கிறேன், சேலம் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன், போன திங்கட்கிழமை என் மனைவி சுலோச்சனாவுக்கு ஆபரேஷன் மயக்கம் தெளிந்த ஒரு மணி நேரத்தில் அவளிடமும் சொன்னேன். "ஏங்க, என் வயித்துக்குள்ள இருக்கறதப் பத்தி எனக்கே பாடம் எடுக்காதீங்க, கொஞ்சம் அந்தப் பக்கம் போய் உக்காருங்க" என்றாள். அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். ஆறு நாளாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன், சன்னலோரம், உயரம் பற்றாத பிளாஸ்டிக் நாற்காலியில், அவளுடைய வயிறு என் கண்மட்டத்துக்கு நேராக.

இப்போது மணி ஒன்பது இருபது. டாக்டர் மெஹ்ருன்னிசா பத்து மணிக்கு வருவார். ஒன்பது மணிக்கு நான் வேறு ஆளாக இருந்தேன். போன வாரம் என் மனைவிக்குக் குடல் முறுக்கிக்கொண்டது, தொப்புளுக்கு மேலிருந்து கீழ்வரை கீறித் திறந்து சரிசெய்து மூடிவிட்டார்கள், நாளைக்கோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம், ரசம் வைக்கத் தெரியாத நான் ரசம் வைக்கக் கற்க வேண்டும் என்பது மட்டுமே என் கவலை. நர்ஸ் ஜெபக்கனி காய்ச்சல் பார்க்க வந்தவள் யாரோ கூப்பிட்டார்கள் என்று கேஸ் ஷீட்டைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டுப் போனாள். எழுத்து இருந்தால் நான் படித்துவிடுவேன். மருந்துச் சீட்டின் மடிப்புக்குள் பொடியெழுத்தில் இருப்பதைக்கூட. இரண்டாம் தாளில் அறுவை விவரம், டாக்டரின் கோணல் எழுத்து, அதன் ஓரத்தில் இரண்டு சிறிய ஒட்டுச் சீட்டுகள். நூல் உறையைப் பிரித்ததும் அதிலுள்ள சீட்டை உரித்து நோயாளியின் தாளில் ஒட்டிவைப்பது நல்ல ஆஸ்பத்திரிகளின் வழக்கம். எந்த நூல், எந்தத் தொகுதி என்று பிறகு தேடினால் கிடைக்க வேண்டும் அல்லவா. நல்ல வழக்கம், தையல் நூல் செய்யும் எங்கள் ஆலைக்கு வரும் டாக்டர்களிடம் நானே வற்புறுத்துவதுண்டு. இரண்டு சீட்டிலும் ஒரே தொகுதி எண். ஆய்வகத்தில் நாங்கள் முழு எண்ணையும் சொல்வதில்லை, கடைசி மூன்று இலக்கத்தைத்தான் சொல்வோம். அறுநூற்றுப் பதினேழு. நான் தாளை மூடினேன். பிறகு திறந்தேன். அறுநூற்றுப் பதினாறாக இருக்கலாம் என்பதற்காக. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஏழுதான். எங்கள் அச்சு எந்திரம் ஏழின் வயிற்றில் ஒரு சிறு கோடு போடும், அந்தக் கோடும் இருந்தது. "அதுல என்ன போட்டிருக்கு அப்பிடிப் பாக்கறீங்க" என்றாள் சுலோச்சனா கண்ணைத் திறக்காமல். "உன் வயசு போட்டிருக்கு" என்றேன். "அதையும் கூட்டித்தான் போட்டிருப்பாங்க" என்றாள். சிரிக்கப் போனவள் வயிற்றில் கைவைத்து நிறுத்திக்கொண்டாள். சிரிக்காதே. தயவுசெய்து சிரிக்காதே.

அறுநூற்றுப் பதினேழு எனக்குத் தெரிந்த எண். கையெழுத்துப் போட்டவன் நான். ஒவ்வொரு தொகுதியிலும் இருபது நூல் எடுத்து, நடுவில் முடிச்சுப் போட்டு, இழுவை எந்திரத்தின் இரண்டு கவ்விகளுக்கு இடையே மாட்டி, அறும்வரை இழுத்து, எத்தனை கிலோவில் அறுந்தது என்று எழுதுகிறோம். ஆலையில் எல்லோரும் இங்கிலீஷில் ஜா என்பார்கள், நான் மட்டும் கவ்வி என்று எழுதுவேன், இருபத்தாறு வருடமாகக் கேலி செய்கிறார்கள். இந்தக் கனத்து நூல் ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் மேலே சராசரி காட்ட வேண்டும். முடிச்சில் அறுந்தால்தான் கணக்கு. கவ்வி கடித்த இடத்தில் அறுந்தால் அது நூலின் குற்றமில்லை, எந்திரத்தின் குற்றம், அதைத் தள்ளிவிட்டு வேறு நூல் மாட்டலாம். விதி அப்படித்தான். நல்ல விதி. அறுநூற்றுப் பதினேழில் இரண்டு நூல் மூன்று கிலோ சொச்சத்தில் போய்விட்டது. எந்திரத்தை ஓட்டுகிற லோகநாயகி, "சார், இது முடிச்சுலயா கவ்வியிலயா" என்று கேட்டாள். என் சொல்லை மதித்துக் கவ்வி என்று சொல்லும் ஒரே ஆள் அவள். "கவ்வியிலதான், எழுதும்மா" என்றேன். அந்த வாரம் முழுக்கக் கவ்வியின் பல் கூர்மையாகிவிட்டதென்று புகார் இருந்தது, முந்தின நாள்கூட நாலு நூல் கடிபட்டுப் போயிருந்தது, அதுவும் உண்மை. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை, அதுவும் உண்மை. சாப்பாட்டு மணி அடித்திருந்தது. வேறு இரண்டு நூல் மாட்டினோம், இரண்டும் அழகாக ஆறு கிலோவைத் தொட்டன, சராசரி தேறிவிட்டது. சராசரி என்பது மிக நாகரிகமான ஏற்பாடு. யாரையும் தனியாகச் சுட்டிக்காட்டாது. ஆனால் ஒரு வயிற்றைச் சராசரியால் தைக்க முடியாது, ஏதோ ஒரு நூலால்தான் தைக்க முடியும். முடிச்சில் அறுந்தால் நுனி சுருண்டுகொண்டிருக்கும், பாதி அவிழ்ந்த முடிச்சு பன்றிவால் மாதிரி. கவ்வியில் அறுந்தால் நுனி நசுங்கிப் பிசிறாக இருக்கும், முடிச்சு முழுசாக வேறிடத்தில் இருக்கும். பார்த்த மாத்திரத்தில் தெரியும், சந்தேகமென்றால் லென்ஸ் இருக்கிறது, லென்ஸ் மேசை இழுப்பறையில் இருந்தது, இழுப்பறையை நான் திறக்கவில்லை. அந்த நுனி எப்படி இருந்தது. ஊதா நூல், வெள்ளை மேசை. லோகநாயகி துணுக்குகளைத் திரட்டிக் குப்பைக்கூடையில் போடுகிறாள், அவள் வளையல் கூடையில் இடிக்கிறது. நுனி. வளையல் நினைவிருக்கிறது, மணி நினைவிருக்கிறது, அன்றைக்கு டப்பாவில் எலுமிச்சைச் சாதம் என்பது நினைவிருக்கிறது.

அவள் இருமினாள். இருமல் என்றுகூடச் சொல்ல முடியாது, தொண்டையைக் கனைத்தாள், மயக்கத்துக்குத் தொண்டையில் குழாய் விட்டதிலிருந்து ஒரு கரகரப்பு. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "என்ன" என்றாள். "தலைகாணிய வயித்துல அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருமு." "இருமலே இல்ல, நீங்க எழுந்ததுலதான் எனக்குப் பக்குனு ஆச்சு." நான் உட்கார்ந்தேன். படுத்திருக்கும் மனிதர் இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் பத்து மடங்குக்கும் மேலே ஏறும். எல்லாம் வயிற்றுச் சுவரில்போய் முட்டும், சுவரில் கீறல், கீறலில் நூல். ஆறாம் நாளில் சதைக்குச் சொந்தப் பலம் என்று எதுவும் இல்லை, நூற்றுக்குப் பத்துப் பங்கு இருந்தால் அதிகம், மற்றதெல்லாம் நூல்தான். காயம் ஆறிவிட்டது என்கிறார்களே அதுவும் தவறு, தோல்தான் ஆறியிருக்கும். தோல் ஒரு வாரத்தில் ஒட்டிக்கொண்டு பெயர் வாங்கிவிடும், உள்ளே உண்மையில் சுமக்கிற நார்த் தகடு ஆறு வாரத்தில் பாதி தூரம்தான் வந்திருக்கும், பழைய பலம் முழுசாகத் திரும்பவே திரும்பாது. இந்த ஆறு நாளில் உள்ளே நூலும் அறுந்திருந்து, தோல் தையல் மட்டும் அமைதியாக மூடிக்கொண்டிருந்தால். அப்படி நடக்கும். நடந்தால் முதல் அடையாளம் வலி அல்ல. மேலே போட்ட பஞ்சுத்துணியில் இளஞ்சிவப்பாகக் கசியும். ரத்தம் அல்ல, சீழ் அல்ல, ரோஸ்மில்க்கில் தண்ணீரை அள்ளி ஊற்றினால் வருகிற நிறம். ஐந்தாம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள். அதற்குப் பிறகு ஒரு இருமல், அல்லது கக்கூசில் ஒரு முக்கல், அல்லது என்னைப் போன்ற ஒருவன் சொல்லும் ஒரு நகைச்சுவை. அப்புறம் குடல் வெளியே. நான் கண்ணால் பார்த்ததில்லை, படத்தில் பார்த்திருக்கிறேன், படத்துக்குக் கீழே இரண்டு வரியில் விளக்கம் இருந்தது, அதில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது, அன்றைக்கு எனக்கு அந்தப் பிழைதான் பெரிதாகப் பட்டது.

கணக்குப் போடலாம். கணக்கு என்னைச் சமாதானப்படுத்தும். இருபதில் இரண்டு மோசம், அதாவது மோசமாக இருந்திருந்தால். பத்தில் ஒன்று. உறையின் ஓரம் சரியாக ஒட்டாமல் ஈரம் புகுந்திருக்கும், எல்லா உறையிலும் அல்ல, அங்கொன்றும் இங்கொன்றும், உடம்புக்குள் செய்ய வேண்டிய வேலையைத் தண்ணீர் உறைக்குள்ளேயே பாதி முடித்துவைத்திருக்கும். சுலோச்சனாவுக்கு இரண்டு உறை பிரித்திருக்கிறார்கள். இரண்டும் நல்லதாக இருக்க நூற்றுக்கு எண்பத்தொன்று. மீதி பத்தொன்பது. எண்பத்தொன்று நல்ல எண், எண்பத்தொன்று எடுத்தால் பள்ளியில் கைதட்டுவார்கள். பத்தொன்பது பேர் ஒரு வரிசையில் நின்றால் எவ்வளவு நீளம் இருக்கும். டாக்டரிடம் சொல்லலாம். சொல்லி. வயிற்றைத் திறந்து பார்க்கவா முடியும், திறந்தால் அதுவே ஆபத்து. இடுப்பில் பட்டை கட்டுவார்கள், இருமாதே என்பார்கள், அதைத்தான் நான் ஏற்கெனவே சொல்கிறேனே. சொல்வதால் மருத்துவத்தில் ஒன்றும் மாறாது, என் விஷயத்தில்தான் எல்லாம் மாறும். ஓய்வுக்கு இருபத்திரண்டு மாதம். பண்டை வைத்தியர்கள் குடலைத் தைக்கக் கட்டெறும்பைப் பிடித்துக் கீறலின் இரண்டு உதட்டையும் சேர்த்துக் கடிக்கவிட்டு, உடலைக் கிள்ளி எறிந்துவிட்டுத் தலையை அப்படியே விட்டுவிடுவார்களாம். எந்த எறும்புக்கும் தொகுதி எண் இல்லை, யாரும் கையெழுத்துப் போடவில்லை, கடிக்காத எறும்பைக் கவ்வியில் பழுது என்று எழுதித் தள்ளிவிட ஒரு ஆள் இல்லை. நுனி எப்படி இருந்தது. "காபி வேணும்னா கேண்டீன் போய்க் குடிச்சிட்டு வாங்களேன், காலையிலருந்து வயித்தையே பாத்துக்கிட்டு இருக்கீங்க, எனக்குக் கூச்சமா இருக்கு" என்றாள். "காபி வேண்டாம்." "அப்ப அந்தப் பேப்பரயாவது படிங்க." பேப்பரை எடுத்தேன். தலைப்பில் ஒற்று ஒன்று விட்டுப்போயிருந்தது. திருத்தத் தோன்றவில்லை. அதிலிருந்துதான் எனக்கு எவ்வளவு பயமாக இருக்கிறது என்று தெரிந்தது.

ஜெபக்கனி தட்டோடு வந்தாள், கத்தரி, பஞ்சு, பழுப்பு மருந்து. மேடம் வருவதற்குள் கட்டைப் பிரித்து வைக்கச் சொன்னார்களாம். "சார், நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க." "நான் இருக்கேன்." "மயக்கம் போட்டா நான் பொறுப்பில்ல கேட்டியளா, போன வாரம் ஒரு சார் விழுந்து அவருக்கு மூணு தையல்." சுலோச்சனா வாயைப் பொத்திக்கொண்டாள். பிளாஸ்டரை ஒரு ஓரத்திலிருந்து உரிக்கிறாள், மெதுவாக, தோலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, நன்றாக உரிக்கிறாள், நல்ல நர்ஸ், இன்னும் வேகமாக உரித்தால் என்ன. மேல் பஞ்சு வெள்ளை. அடுத்த மடிப்பு வெள்ளை. அடிமடிப்பில், தொப்புளுக்குக் கீழே, ஒரு கறை. துவரம்பருப்பு அளவு. நான் குனிந்தேன். "வெளிச்சத்த மறைக்காதீங்க சார்." பழுப்பா சிவப்பா. மருந்தின் பழுப்பு காய்ந்தால் ஓரத்தில் மஞ்சள் வளையம் விடும், கசிவு காய்ந்தால் வளையம் விடாது, விடும், எனக்குத் தெரியாது, எனக்கு நூலைத்தான் தெரியும். "என்னது அது" என்றேன். என் குரல் ஆலையில் தொகுதியை நிராகரிக்கும்போது வருகிற குரலாக இருந்தது. "போன தடவ வச்ச மருந்து சார், பெட்டாடின், வேறொண்ணுமில்ல." அவள் பஞ்சால் தொட்டு, அழுத்தி, எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினாள். வெள்ளை. மறுபடி வேறொரு இடத்தில். வெள்ளை. கறுப்புத் தையல் வரிசையாக, ஒழுங்காக, ஒரு மூடிய வாய் மாதிரி. அப்போதுதான் சுலோச்சனா உண்மையாகவே இருமினாள், இரண்டு முறை, ஆழமாக, தலையணையைத் தேடிய கை தலையணையை எட்டவில்லை. நான் எண்ணினேன். எதை எண்ணினேன் என்று தெரியவில்லை, ஏழுவரை போனேன். வயிறு எழும்பி இறங்கியது. தையல் அப்படியே இருந்தது. உலர்ந்திருந்தது. ஜெபக்கனி என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியைக் காலால் என் பின்னே தள்ளினாள்.

டாக்டர் பத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்தார், பச்சைத் துணித் தொப்பியோடு. விரல்களால் காயத்தின் இரண்டு பக்கமும் தட்டினார், அழுத்தினார், "வலிக்குதாம்மா, இங்க, இங்க, சரி." ரொம்ப நன்றாக இருக்கிறது, நாளை மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்றார். நன்றாக இருக்கிறது. எண்பத்தொன்றில் நிற்கிறோம், நிச்சயமாக எண்பத்தொன்றில், இப்போதைக்கு. ஆறு நாளையும் இரண்டு இருமலையும் தாங்கிய நூல் இனியும் தாங்கக்கூடும், சொல்லவே வேண்டியதில்லை, தாங்கிய நூலைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தேன். "உங்க வீட்டுக்காரர் ஏன்ம்மா இப்பிடி வேர்த்திருக்கார்" என்றார் டாக்டர். "அவரு நூல் கம்பெனி டாக்டர், என்னையும் ஒரு மாசம் டெஸ்ட் பண்ணிட்டுதான் வீட்டுக்குள்ள விடுவாரு" என்றாள் சுலோச்சனா. டாக்டர் சிரித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஜெபக்கனியிடம், "பதினோரு மணிக்கு வயித்து கேஸ், எல்லாம் ரெடியா எடுத்து வச்சாச்சா" என்று கேட்டார். "வச்சாச்சு மேடம், நூல் இந்தம்மாவுக்கு எடுத்த அதே டப்பா, பன்னெண்டுல பத்து மிச்சமிருக்கு."

பத்து. பத்தும் நல்லதாக இருக்க நூற்றுக்கு முப்பத்தைந்து. அந்தக் கணக்கை நான் போடவில்லை, அதுவாக வந்து நின்றது. ஒரு மணி நேரமாக நான் ஒரே ஒரு வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். டாக்டர் கதவுவரை போய்விட்டார், அவர் செருப்பு டைல்ஸில் ஒட்டி ஒட்டிப் பிரிகிறது. இப்போது போகவிட்டால் போய்விடுவார், மிகச் சுலபம், நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். உட்கார்ந்திருப்பது ஒரு செயலே அல்ல. அந்தக் கேஸ் யாரென்று தெரியாது, ஆணா பெண்ணா தெரியாது, அவர்கள் வீட்டிலிருந்து ஒருவர் இதே மாதிரி நாற்காலியில். வெள்ளை மேசை. ஊதா நூல். லோகநாயகியின் கை திரட்டுவதற்கு முந்தின நொடி. "டாக்டர்" என்றேன். திரும்பினார். "அந்த டப்பாவை எடுக்காதீங்க. அறுநூத்திப் பதினேழு. டெஸ்ட்ல ரெண்டு நூல் மூணு கிலோவுல போச்சு. கவ்வியில அறுந்துச்சுன்னு எழுதிப் பாஸ் பண்ணினேன்." "கவ்வின்னா." "எந்திரத்துல பிடிக்கிற இடம். அங்க அறுந்தா கணக்குல சேராது. ஆனா அது அங்க அறுந்துபோகல." சொல்லிவிட்டு நானே கேட்டேன், பிறரிடமிருந்து கேட்பதுபோல. "நுனி சுருண்டிருந்தது. நான் பார்த்தேன்."

டாக்டர் மெஹ்ருன்னிசா தொப்பியைக் கழற்றினார். கால்மாட்டிலிருந்த கேஸ் ஷீட்டை எடுத்து இரண்டாம் தாளைத் திருப்பி ஒட்டுச் சீட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சீட்டுகளைப் பார்த்தார். "எப்ப தெரியும் உங்களுக்கு." "எண்ணைப் பாத்தது இன்னைக்கு ஒம்பது மணிக்கு." "மணி பத்து." "ஆமா." "கம்பெனிக்குச் சொல்லிட்டீங்களா." "இனிமேதான். எழுதிக் கொடுக்கறேன், உங்களுக்கும் அவங்களுக்கும்." டாக்டர் ஜெபக்கனியிடம் வயிற்றுப் பட்டை கொண்டுவரச் சொன்னார், எட்டாம் நாளில் பிரிக்க வேண்டிய தோல் தையலைப் பதினான்காம் நாள்வரை விடச் சொன்னார், இருமலுக்கு மருந்து எழுதினார், வீட்டுக்குப் போகும் தேதியை அடித்துவிட்டார். எல்லாவற்றையும் தாளிலேயே பார்த்துச் சொன்னார். சுலோச்சனா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப எனக்குள்ள இருக்கறது நீங்க கையெழுத்துப் போட்டதா" என்றாள். "ஆமா." "ஒரு மணி நேரமா அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்களா. நான் என்னமோ என்னையப் பாக்கறீங்கன்னு நெனச்சேன்." பட்டை வந்தது. ஜெபக்கனி இடுப்பைத் தூக்கச் சொல்லி அடியில் நுழைத்தாள், நான் மறுபக்கத்திலிருந்து இழுத்துப் பிடித்தேன். "இன்னும் இறுக்குங்க" என்றாள் சுலோச்சனா. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை, நான் இறுக்கினேன்.

தியேட்டர் அலமாரியில் அந்தக் கனத்தில் வேறு டப்பா இல்லை. சேலத்திலிருந்து வரவழைக்க மறுநாள் ஆகும் என்றார்கள். ஒன்பதாம் எண் அறையில் முந்தின இரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் காத்திருந்த ஒரு டெம்போ டிரைவரிடம் இன்றைக்கு ஆபரேஷன் இல்லை என்று சொல்லி, பதினொன்றே காலுக்குக் கேண்டீனிலிருந்து நாலு இட்லி வரவழைத்துக் கொடுத்தார்கள்.